கெட்ட செய்தியை யார் சொல்வது? - அஜைல் முறையின் கதை



போன பருவத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தோம். நூலகத்துக்கான சின்ன மென்பொருள். நான்தான் குழுத் தலைவன். பாடத்தில் படித்ததை அப்படியே செய்து பார்க்கும் ஆசையில், "அஜைல் முறையில் பண்ணலாம்" என்று அறிவித்துவிட்டேன். தினமும் முதல் வகுப்புக்கு முன்னால் கேன்டீன் வாசலில் நின்றபடியே பத்து நிமிடக் கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடை இருக்கிறதா? மூன்றே கேள்விகள்.

எங்களில் ஒருவன் மூன்று வாரமாக "போய்க்கிட்டு இருக்கு, தடை ஒண்ணும் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்தது, அவன் பகுதியில் லாகின் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை என்று. எல்லோரும் திட்டினோம். அதிகம் திட்டியது நான்தான். எல்லாம் முடிந்த பிறகு அவன் என்னிடம் தனியாகச் சொன்னான்: "முதல் வாரமே தடை இருக்குன்னு சொன்னேன்டா. 'இதுகூடவா தெரியாது'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்ட. அதுக்கப்புறம் எனக்குத் தடையே வரல."

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த ஒரு பேச்சுதான். நான் செய்தது அஜைலா, இல்லை அஜைல் வேஷமா? இந்த முறை எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தேடிப் படித்தேன். மென்பொருள் வரலாறு என்று நினைத்துத் தொடங்கியது, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதன் வரலாறாகப் போய் முடிந்தது. படித்ததில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

சிக்கல் கணினியில் இல்லை

1968 அக்டோபரில் ஜெர்மனியில் உள்ள கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பு ஒரு மாநாடு நடத்தியது. பெரிய மென்பொருள்கள் எல்லாம் ஏன் தாமதமாகின்றன, ஏன் செலவு எகிறுகிறது, வந்த பிறகும் ஏன் பிழைகளோடு வருகின்றன என்பதுதான் பேச்சு. "மென்பொருள் பொறியியல்" என்ற பெயர் பரவலானது இந்த மாநாட்டுக்குப் பிறகுதான். பாலம் கட்டுவதுபோல முறையாகக் கட்டினால் மென்பொருளும் சரியாகிவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

அதே 1968-ல் மெல்வின் கான்வே என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அந்த அமைப்புதான் அவர்கள் உருவாக்கும் பொருளிலும் தெரியும் என்பது அவர் சொன்னது. இரண்டு பிரிவுகள் பேசிக்கொள்ளாவிட்டால், அவர்கள் எழுதும் இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது.

1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரையில் படம் ஒன்று போட்டார். முதலில் தேவைகள், பிறகு வடிவமைப்பு, பிறகு நிரல், பிறகு சோதனை என்று படிப்படியாகக் கீழே இறங்கும் படம். பிற்பாடு "வாட்டர்ஃபால்", அதாவது அருவி முறை என்று பெயர் பெற்றது இதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தை ஒரே ஓட்டமாக அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது என்று ராய்ஸே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது :-)

அருவி முறையில் ஒரு பெரிய குறை உண்டு. சோதனை கடைசியில்தான் வரும். அதுவரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் அறிக்கை எழுதலாம். கெட்ட செய்தி ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

1971-ல் ஜெரால்ட் வெயின்பெர்க் நிரலாளர்களின் மனத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தான் எழுதிய நிரலைத் தன் உடம்பின் ஒரு பகுதிபோல நினைப்பவர், அதில் யாராவது பிழை காட்டினால் தன்னையே அடித்ததாக எடுத்துக்கொள்வார். அதனால் பிழையை மறைப்பார். இதற்கு மருந்தாக "அகந்தை இல்லாத நிரல் எழுதும் முறை" என்ற ஒன்றை வெயின்பெர்க் முன்வைத்தார். எழுதியதை எல்லோரும் படிக்கட்டும், பிழை கண்டுபிடிப்பது சாதாரண விஷயமாகட்டும் என்பதுதான் அது.

பிறகு 1975-ல் ஃப்ரெட் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதளத்தை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர் அவர். தாமதமாகிவிட்ட திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னது இன்றும் பாடத்தில் வருகிறது. கணக்கு எளிது. 5 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச 10 வழிகள். 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1225. ஆள் கூடக்கூட வேலை செய்யும் நேரத்தைப் பேச்சு தின்றுவிடும்.

ஆக, 1975-க்குள்ளேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்துக்குத்தான் இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

தொடர் ஓட்டத்திலிருந்து ரக்பிக்கு

அந்த மருந்தின் ஒரு பகுதி மென்பொருள் உலகிலிருந்து வரவில்லை. 1986-ல் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான், ஃபியூஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் கார், கேமரா, நகல் இயந்திரம் என்று புதுப் பொருள்களை எப்படி வேகமாகக் கொண்டுவருகின்றன என்று ஆராய்ந்த கட்டுரை. பழைய முறை தொடர் ஓட்டம் மாதிரி: ஒருவர் ஓடி முடித்து அடுத்தவர் கையில் குச்சியைக் கொடுப்பார். வெற்றி பெற்ற குழுக்களோ ரக்பி ஆட்டக்காரர்கள் மாதிரி, பந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மொத்தக் குழுவாக முன்னேறுகின்றன என்றார்கள்.

ரக்பியில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் பின்னிக்கொண்டு தள்ளும் ஒரு கட்டம் உண்டு. அதற்குப் பெயர் ஸ்க்ரம். 1993-ல் ஈசல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஜெஃப் சதர்லேண்ட் இந்தப் பெயரில் ஒரு மென்பொருள் குழுவை நடத்தினார். 1995-ல் அவரும் கென் ஷ்வேபரும் இதை ஒரு மாநாட்டில் முறையாக முன்வைத்தார்கள். குறுகிய கால அளவு, அதன் முடிவில் ஓடுகிற ஒன்றைக் காட்டுவது, தினமும் சின்னக் கூட்டம் என்பதெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

இன்னொரு கிளை கிறைஸ்லர் கார் நிறுவனத்தில் முளைத்தது. ஏறத்தாழ 87,000 ஊழியர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் புதிய மென்பொருள், பெயர் சி3. வேலை தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1996-ல், கென்ட் பெக் உள்ளே அழைக்கப்பட்டார். ரான் ஜெஃப்ரீஸ் பயிற்சியாளராக வந்தார். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து நிரல் எழுதுவது, சோதனையை முதலிலேயே எழுதுவது, நிரல் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்பது, பயனர் தரப்பு ஆள் ஒருவர் குழுவோடேயே இருப்பது, வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதது ஆகியவை அங்கே சேர்ந்து ஒரே முறையாயின. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பெயர் வைத்தார்கள். வெயின்பெர்க் 1971-ல் சொன்ன அகந்தை இல்லாத முறைக்குக் கைகால் முளைத்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவர் சேர்ந்து எழுதிய நிரலில் பிழை இருந்தால் யாரைத் திட்டுவது?

1997-ல் சி3 சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. ஆனால் சில மாதங்களிலேயே குழுவோடு இருந்த பயனர் தரப்புப் பிரதிநிதி வேலை அழுத்தம் தாங்காமல் விலகிவிட்டார். அவர் இடத்தைச் சரியாக நிரப்ப முடியவில்லை. நிரலாளர்களுக்கு 40 மணி நேர விதி இருந்தது. ஒரு பக்கம் குழு, இன்னொரு பக்கம் நிறுவனம் என்று நடுவில் நின்று இருவருக்கும் பதில் சொன்னவரைப் பற்றி முறை போதுமான அளவு யோசிக்கவில்லை. 1999-ல் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் புத்தகம் வந்து பலரைக் கவர்ந்தது. 2000 பிப்ரவரியில் சி3 திட்டமே நிறுத்தப்பட்டது. அஜைலின் பிறப்புச் சான்றிதழிலேயே ஒரு தோல்வியும் எழுதியிருக்கிறது. இதைப் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

2001: ஒரே ஆண்டு, இரண்டு வழிகள்

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். பெக், ஜெஃப்ரீஸ், சதர்லேண்ட், ஷ்வேபர், மார்ட்டின் ஃபௌலர் எல்லோரும் இருந்தார்கள். ஆளுக்கொரு முறையை வைத்திருந்தவர்கள். பொதுவாக எதை ஒப்புக்கொள்ளலாம் என்று பேசி, நான்கு மதிப்புகளும் பின்னர் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். "அஜைல்" என்ற பெயர் அங்கே முடிவானதுதான். அமெரிக்கர்களில் பலருக்கு இந்தச் சொல்லை உச்சரிக்கவே தெரியாதே என்று ஆங்கிலேயரான ஃபௌலர் கவலைப்பட்டாராம்!

அந்த அறிக்கையில் முதலில் வருவதே, கருவிகளையும் விதிமுறைகளையும் விட ஆட்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் மேல் என்ற கருத்துதான். தினக் கூட்டம், பலகை, ஒட்டும் சீட்டு எதுவும் அதில் இல்லை.

அதே 2001 ஜூனில் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் வேலையை எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. மூன்று மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. சந்தேக நபர்களின் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப வழியில்லாமல் கூரியரில் அனுப்பும் நிலையில் அன்றைய எஃப்.பி.ஐ. இருந்தது. "விர்ச்சுவல் கேஸ் ஃபைல்" என்ற புதிய மென்பொருள் அவசரத் தேவையானது.

பழைய வழியில்தான் போனார்கள். 800 பக்கத்துக்கு மேல் தேவைப் பட்டியல் தயாரானது. அதன் பிறகும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. திட்டக் காலத்தில் எஃப்.பி.ஐ. பக்கம் 5 தலைமைத் தகவல் அதிகாரிகளும் 10 திட்ட மேலாளர்களும் மாறினார்கள். இதற்கிடையே 2002-ல், ஒப்பந்த நிறுவனத்தில் இருந்த ஒரு பாதுகாப்புப் பொறியாளர் தன் கவலைகளை மேலதிகாரிகளிடம் சொன்னார். பலனில்லாததால் இணையத்தில் ஒரு விவாதப் பக்கத்தில் எழுதினார். ரகசியத்தை வெளியிட்டாரோ என்று விசாரிக்க எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் அவரைத் தேடி வந்தார்கள்.

இந்தச் செய்தி மற்றவர்களுக்கு என்ன பாடம் சொல்லியிருக்கும்? வாயை மூடிக்கொண்டிரு என்பதைத்தானே? 2005-ல் விர்ச்சுவல் கேஸ் ஃபைல் கைவிடப்பட்டது. 17 கோடி டாலர் போயிற்று.

அடித்தளத்தில் ஒரு சின்னக் குழு

எஃப்.பி.ஐ. விடவில்லை. 2006-ல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் "சென்டினல்" என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். நான்கு கட்டங்கள், 2009 டிசம்பரில் முடிய வேண்டும். 2010 ஆகஸ்டில் பார்த்தால், 45.1 கோடி டாலரில் 40.5 கோடி செலவாகியிருந்தது. வந்தவை இரண்டே கட்டங்கள். இதே வேகத்தில் போனால் இன்னும் 6 ஆண்டும் குறைந்தது 35.1 கோடி டாலரும் ஆகும் என்று ஒரு வெளி மதிப்பீடு சொன்னது.

அப்போதுதான் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு அஜைல் முறைக்கு மாறியது. ஒப்பந்தப் பணியாளர்கள் 220 பேரிலிருந்து சுமார் 40 பேராகவும், சொந்த ஊழியர்கள் 30 பேரிலிருந்து 12 பேராகவும் குறைந்தார்கள். தலைமையகக் கட்டடத்தின் அடித்தளத்தில் குழு உட்கார்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முடிந்ததை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். மென்பொருள் இரண்டு முறை நின்றுபோனது. பழைய ஹார்டுவேர் சுமையைத் தாங்கவில்லை. தோல்விதான். ஆனால் முந்தைய தோல்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முறை கெட்ட செய்தி முன்கூட்டியே, எல்லோருக்கும் தெரியும்படி, சரி செய்யக் கால அவகாசம் இருக்கும்போதே வந்தது. தேதியைத் தள்ளிவைத்தார்கள், ஹார்டுவேரை மாற்றினார்கள். 2012 ஜூலை 1 அன்று சென்டினல் நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது, ஒதுக்கிய 45.1 கோடிக்குள்ளேயே. தேடும் வசதி சரியில்லை என்ற குறை பிறகும் இருந்தது.

இதை அஜைலின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. முந்தைய இரண்டு கட்டங்களின் வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் குழுவோடு இருந்தார்கள். புரூக்ஸின் கணக்குப்படி ஆள் குறைந்ததே ஒரு பெரிய லாபம். ஆனாலும் ஒன்று உறுதி: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால், ஓடாததை மூன்று ஆண்டு மறைக்க முடியாது.

மருந்தே நோயாவது

அப்படியானால் எங்கள் குழுவில் மட்டும் எப்படி மூன்று வாரம் மறைந்தது? முதல் காரணம் வெட்கக்கேடானது. நாங்கள் தினமும் நின்று பேசினோமே தவிர, ஒரு நாளும் எதையும் ஓட்டிக் காட்டவில்லை. இரண்டாவது காரணத்துக்கு இரண்டு புத்திசாலிகளை அழைக்க வேண்டும்.

2002-ல் பேட்ரிக் லென்சியோனி குழுக்களின் ஐந்து கோளாறுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம்பிக்கை இல்லாமை, மோதலுக்குப் பயப்படுதல், முடிவில் ஈடுபாடு இல்லாமை, பொறுப்பைத் தட்டிக்கழித்தல், பலனில் அக்கறை இல்லாமை. இவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை, அடியில் இருப்பது நம்பிக்கை இல்லாமை. அவர் சொல்லும் நம்பிக்கை, "எனக்குத் தெரியவில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிவது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது! நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே இருந்தவர்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1999-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு "உளவியல் பாதுகாப்பு" என்ற சொல் பரவியது. கூகுள் 2012-ல் தொடங்கி தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், நல்ல குழுவுக்கு முதல் அடையாளமாக வந்தது இதுதான்.

இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அஜைலைக் கொண்டுவைத்தால் என்ன ஆகும்? தினக் கூட்டம் வருகைப் பதிவேடாகும். குழு தன் அடுத்த இரண்டு வாரத்தைத் திட்டமிட வைத்திருக்கும் வேகக் கணக்கு, எந்தக் குழு சோம்பேறி என்று பார்க்கும் மதிப்பெண் பட்டியலாகும். உடனே எல்லோரும் சின்ன வேலைக்குப் பெரிய மதிப்பெண் போட ஆரம்பிப்பார்கள். அருவி முறையில் ஆண்டுக்கொரு முறை பொய் சொன்னால் போதும். இங்கே தினமும் காலையில் சொல்ல வேண்டும்.

இதை முறையை உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள். ஸ்னோபேர்டில் இருந்த டேவ் தாமஸ் 2014-ல் அஜைல் செத்துவிட்டது என்றே தலைப்பு வைத்து எழுதினார். சி3 குழுவின் ரான் ஜெஃப்ரீஸ், மேலிருந்து திணிக்கப்படும் அஜைலை நிரலாளர்கள் கைவிட வேண்டும் என்று 2018-ல் எழுதினார். அதே ஆண்டு ஃபௌலர், பெயருக்கு மட்டும் அஜைலாக இருப்பதுதான் இன்றைய சண்டை என்று பேசினார். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில், நான் கேன்டீன் வாசலில் தினமும் ஒப்பித்த அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். மூன்று கேள்விகள் மூன்று பதில்களைத்தான் கொண்டுவரும், பேச்சைக் கொண்டுவராது என்பது பட்டுத் தெரிந்திருக்கும்.

ஐம்பது ஆண்டுக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அஜைல் ஒரு கெட்ட குழுவை நல்ல குழுவாக்காது. கெட்ட செய்தி சீக்கிரம் வெளியே வர ஒரு கதவைத் திறந்து வைக்கும். அந்தக் கதவு வழியாக முதலில் வருபவனை என்ன செய்கிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. எஃப்.பி.ஐ. ஒருவரிடம் விசாரணைக்கு ஆள் அனுப்பியது. நான் "இதுகூடவா தெரியாது" என்று கேட்டேன். அளவுதான் வேறு.

இந்தப் பருவம் கூட்டத்தைத் தினமும் நடத்துவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் பகுதியை ஓட்டிக் காட்டுகிறோம், ஓடாததையும் சேர்த்து. எனக்கு ஓடாததை நான்தான் முதலில் காட்டுகிறேன். இரண்டு வாரமாக டேட்டாபேஸ் இணைப்பில் திணறினேன், சொன்ன அன்றே இன்னொருவன் சரி செய்து கொடுத்தான்.

அந்த நண்பன் இப்போது வேறு குழுவில் இருக்கிறான். அங்கே ஸ்டாண்ட்-அப், ஸ்பிரின்ட் என்று எந்தப் பெயரும் இல்லையாம். "சிக்கிக்கிட்டா உடனே கேட்டுருவேன், யாராவது வந்து உட்காருவாங்க" என்றான். ஸ்னோபேர்டு அறிக்கையை அவன் படித்ததில்லை. ஆனால் எங்கள் வகுப்பிலேயே அஜைல் குழு அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் குழுவில் கடைசியாகக் கெட்ட செய்தி சொன்னவர் யார்? அடுத்த முறையும் அவர் சொல்வாரா?